ஜூவுக்குப் புதுசா வந்த பஞ்சவர்ணக் கிளி: எங்கிருந்து வருது, வீட்டில் வளர்த்தால் என்ன ஆகும்?

'உயிரியல் பூங்காவுக்குப் புது வரவு' என்று ஒரு செய்தி வந்தால் போதும், அந்த வார இறுதியிலேயே இன்ஸ்டா முழுக்க மக்காவ் ரீல்ஸ்தான். நீலம், மஞ்சள், சிவப்பு என்று பார்க்க அழகாகத்தான் இருக்கு. ஆனால் தென் அமெரிக்கக் காட்டில் இருக்க வேண்டிய பறவை நம்ம ஊர்க் கூண்டுக்குள் எப்படி வந்தது?

பூங்கா நிர்வாகம் நினைத்த மாத்திரத்தில் பறவை வாங்கிவிட முடியாது. மத்திய உயிரியல் பூங்கா ஆணையத்தின் முன் அனுமதி வேண்டும். பெரும்பாலும் இது பண்டமாற்று மாதிரிதான் நடக்கும். ஒரு பூங்கா தன்னிடம் உபரியாக உள்ள விலங்கைக் கொடுத்து, இன்னொரு பூங்காவில் இருந்து பறவையை வாங்கிக்கொள்ளும்.

வந்ததும் நேராகப் பார்வையாளர் முன்னால் விடமாட்டார்கள். முதலில் தனிமைப்படுத்தல். கிளி இனங்களிடம் இருந்து மனிதருக்கே தொற்றக்கூடிய 'கிளிக் காய்ச்சல்' ஒரு பக்கம், பறவைக் காய்ச்சல் இன்னொரு பக்கம். 2025 ஆகஸ்ட் இறுதியில் நாரைகள் இறந்து பறவைக் காய்ச்சல் உறுதியானதும், டெல்லி பூங்காவையே மூட வேண்டியதாயிற்று.

கலர் பற்றி ஒரு சின்ன விஷயம். ஃபிளமிங்கோவின் இளஞ்சிவப்பு அது சாப்பிடும் உணவில் இருந்து வருவது. தீனி சரியில்லை என்றால் வெளுத்துவிடும். மக்காவின் சிவப்பும் மஞ்சளும் அப்படியில்லை, அந்த நிறமியை அதன் உடலே தயாரிக்கிறது. நீலத்துக்கோ நிறமியே கிடையாது. இறகின் நுண்ணிய அமைப்பு ஒளியைச் சிதறடிப்பதால் நம் கண்ணுக்கு நீலமாகத் தெரிகிறது.

அப்ப வீட்டில் வளர்க்கலாமா?

ரீல்ஸ் பார்த்ததும் பலருக்கு வரும் அடுத்த கேள்வி இதுதான். சிக்கலும் இங்கேதான்.

நம்ம ஊர்ப் பச்சைக்கிளியை வீட்டில் வளர்ப்பது வனவிலங்கு பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். 2024 மக்களவைத் தேர்தல் நேரத்தில், கடலூரில் ஒரு வேட்பாளருக்கு வெற்றி என்று சொன்ன கிளி ஜோசியரை வனத்துறை பிடித்தது நினைவிருக்கலாம். ஜோசியம் சொன்னதற்காக இல்லை, கிளியைக் கூண்டில் வைத்திருந்ததற்காக! ஆனால் வெளிநாட்டு மக்காவ் வைத்திருப்பதற்கு அப்படித் தடை இல்லை. பதிவு செய்ய வேண்டும், அவ்வளவுதான்.

இந்தப் பதிவு முறை வந்ததே சமீபத்தில்தான். 2020 ஜூனில் மத்திய அரசு ஒரு வாய்ப்பு கொடுத்தது: ஆறு மாதத்துக்குள் தாமாக முன்வந்து அறிவித்தால் ஆவணம் எதுவும் கேட்கமாட்டோம் என்றது. கணக்கெடுக்க அது உதவியது, சரி. ஆனால் கடத்தி வரப்பட்ட பறவைக்கும் அதே கதவுதான் திறந்தது என்பதை மறுக்க முடியாது. பிறகு சட்டம் திருத்தப்பட்டு 2023 ஏப்ரல் 1 முதல் அமலுக்கு வந்தது. 2024 பிப்ரவரியில் விதிகள் வெளியாகி, பரிவேஷ் தளத்தில் பதிவு கட்டாயமாயிற்று.

சர்வதேச வர்த்தகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தில் சிவப்பு மக்காவ் முதல் பட்டியலில், அதாவது மிகக் கடுமையான பிரிவில் இருக்கிறது. நீல-மஞ்சள் மக்காவ் இரண்டாம் பட்டியல். அதனால் 'பேப்பர்ஸ் எல்லாம் பக்கா' என்று கடைக்காரர் வாயால் சொல்வது போதாது. பதிவுச் சான்று, உரிமை மாற்றத்துக்கான ஆவணம் இரண்டையும் கேட்டு வாங்குங்க. ஆவணம் இல்லாமல் வாங்கினால் பணமும் போகும், வழக்கும் வரும்.

எல்லாம் சரியாக இருந்தாலும் ஒரு கணக்கு போட்டுப் பாருங்க. நன்றாகப் பராமரித்தால் மக்காவ் 50 வருடம்கூட இருக்கும். காட்டில் துணையோடும் கூட்டத்தோடும் பறக்கும் பறவை இது. தனியாக அடைத்து வைத்தால் மன அழுத்தத்தில் தன் இறகைத் தானே பிடுங்கிக்கொள்ளும். கத்தினால் பக்கத்து ஃபிளாட்டுக்கும் கேட்கும். இன்று 28 வயதில் வாங்கினால், நீங்கள் ரிட்டயர் ஆன பிறகும் அது கூண்டில் கத்திக்கொண்டிருக்கும்.