கரண்டு பில் ஏறுகிறது: மீட்டர் யார் கையில்?

சம்பள நாள் என்றால் ஒரு காலத்தில் லயம் முழுக்கக் கறிக்குழம்பு வாசனை வரும். இப்போதெல்லாம் சம்பளச் சிலிப்பைக் கையில் வாங்கியதும், கண் முதலில் போகிற இடம் பிடித்தப் பகுதிதான். "என்னங்க இது, போன மாசத்தைவிட முப்பது வெள்ளி கூட புடிச்சிருக்கான்?" என்று ஆரம்பிக்கிற பேச்சு, வீட்டுக்குள் போனதும் சண்டையாக மாறுகிறது. அப்பா மகனைத் திட்டுகிறார், "ராத்திரி பூரா ஏர்கோன் ஓடுது". மகன் அம்மாவைக் காட்டுகிறான், "தெனமும் அயன் பண்றது யாரு?" கடைசியில் பழி பாட்டியின் மின்விசிறி மேல் விழுகிறது.

தோட்டம் தோட்டமாகப் போய்வரும் நாம் இந்தச் சண்டையைப் பல வீடுகளில் பார்த்துவிட்டோம். சண்டை போடுகிற யாரும் மீட்டரைப் பார்த்ததில்லை என்பதையும் பார்த்துவிட்டோம். ஆகவே இந்த வாரம் கரண்டு கணக்கைக் கொஞ்சம் பிரித்துப் பேசலாம் என்று நினைக்கிறோம்.

நாம் பிள்ளைகளாக இருந்தபோது தோட்டத்தில் கரண்டு என்பது சாயங்காலம் இஞ்சின் ஓடுகிற சில மணி நேரம்தான். இஞ்சின் நின்றால் மண்ணெண்ணெய் விளக்கு. அடுப்புக்குப் பால்மரக் கட்டை. பில் என்ற பேச்சே இல்லை. 1990-இல் லெம்பாகா லெத்ரிக் நெகாரா, தெனாகா நேஷனல் ஆனது. அதே 1990-இல்தான் தொழிலாளர் வீடமைப்பு, வசதிகள் குறைந்தபட்சத் தரச் சட்டமும் வந்தது. சட்ட எண் 446. தோட்டத்தில் வீடு கொடுக்கும் முதலாளி, குழாய்த் தண்ணீரை இலவசமாகவும் போதுமான அளவும் கொடுக்க வேண்டும், போதுமான மின்சாரத்துக்கும் வழி செய்ய வேண்டும் என்பது அதன் கட்டளை. கவனியுங்கள்: தண்ணீர் இலவசம் என்று சொல்கிற சட்டம் கரண்டை இலவசம் என்று சொல்லவில்லை. "துரை சும்மா குடுக்கணும்" என்று வாதாடினால் அந்த வாதம் நிற்காது. எந்தக் கணக்கில் பிடிக்கிறீர்கள் என்று கேட்டால் அந்தக் கேள்வி நிற்கும். அதற்கு நமக்கு முதலில் கணக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

தீபகற்ப மலேசியாவில் மின்சாரத்தின் பெரும்பகுதி நிலக்கரியிலும் இயற்கை வாயுவிலும் உற்பத்தியாகிறது. நிலக்கரி கப்பலில் வெளிநாட்டிலிருந்து வருகிறது. எங்கோ போர் என்றால் இங்கே அதன் விலை ஏறும். 2022-இல் உக்ரேன் போர் மூண்டபோது அப்படித்தான் நடந்தது. அந்தச் சுமை முழுவதும் சிறிய வீடுகள் மேல் விழாதபடி அரசாங்கம் தடுத்து வந்திருக்கிறது. ஆனால் அந்தத் தடுப்பு எல்லா வீட்டுக்கும் ஒரே அளவில் இல்லை. குறைவாகச் செலவழிக்கும் வீட்டுக்கு அதிகம், அதிகமாகச் செலவழிக்கும் வீட்டுக்குக் குறைவு. நம் குடும்பங்கள் இந்த இடத்தில்தான் தடுக்கி விழுகின்றன.

2025 ஜூலை 1-ஆம் தேதி புதிய கட்டணம் நடப்புக்கு வந்தது. மாதம் 1,500 யூனிட் வரை பயன்படுத்தும் வீட்டுக்கு ஒரு யூனிட் 44.43 காசு. கேட்டால் தலை சுற்றும். ஆனால் மாதம் 1,000 யூனிட்டுக்குள் இருக்கும் வீட்டுக்கு ஒரு கழிவு உண்டு. 200 யூனிட்டுக்குள் முடித்தால் யூனிட்டுக்கு 25 காசு கழிவு. 300-ஐத் தொட்டால் கழிவு 22.5 காசு. 350 வரை 21 காசு. 351 ஆகிவிட்டால் 17 காசு. 600-க்கு வரும்போது 9 காசுதான் மிச்சம்.

இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. பழைய கட்டணத்தில் படி தாண்டினால், தாண்டிய யூனிட்டுகளுக்கு மட்டும்தான் விலை கூடும். புதிய முறையில் படி தாண்டினால் முதல் யூனிட்டிலிருந்து கடைசி யூனிட் வரை எல்லாவற்றுக்கும் கழிவு குறைந்துவிடும். 350 யூனிட்டுக்குக் கணக்குப் போட்டால் 82 வெள்ளி. 351 யூனிட்டுக்கு 96 வெள்ளி 28 காசு. ஒரே ஒரு யூனிட்டுக்கு 14 வெள்ளிக்கு மேல்! ஒரு சட்டையைக் கூட அயன் பண்ணிய குற்றத்துக்கு ஒரு நாள் மார்க்கெட் செலவு போன மாதிரி.

இப்போது ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். ஆறு பேர். ஐஸ் பெட்டி ஒன்று, மின்விசிறி மூன்று, விளக்குகள், டிவி, சோறு ஆக்கும் பானை, சுடுதண்ணீர் ஜக், துணி துவைக்கும் மெஷின், அயன் பெட்டி. எல்லாம் சேர்த்து மாதம் ஏறக்குறைய 165 யூனிட் என்று வையுங்கள். பில் 32 வெள்ளி.

மகனுக்குக் கல்யாணம். தவணையில் ஓர் ஏர்கோன் வருகிறது. ஒரு குதிரைசக்தி ஏர்கோன் ராத்திரி எட்டு மணி நேரம் ஓடினால் சுமார் 6 யூனிட் தின்னும். மாதம் 180. மொத்தம் 345 யூனிட். பில் 80 வெள்ளி 83 காசு. அடுத்த வருடம் அப்பா அறைக்கும் ஒன்று. மொத்தம் 525 யூனிட். பில் 178 வெள்ளி. 300 யூனிட்டைத் தாண்டிய வீட்டுக்குப் புதுப்பிக்கத்தக்க சக்தி நிதி என்று 1.6 விழுக்காடு வேறு தனியாகச் சேரும்.

யூனிட் மூன்று மடங்குதான் கூடியது. பில் ஐந்தரை மடங்கு கூடிவிட்டது. 2025-இல் நடப்புக்கு வந்த குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி. அதில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் கரண்டுக்கே போனால், பிள்ளையின் பள்ளிக்கூடச் செலவுக்கு எங்கே போவது?

ஏர்கோன் வைத்ததே தப்பு என்று நாம் சொல்ல வரவில்லை. சிங்க் கூரைக்கு அடியில் வெயிலில் வெந்துவிட்டு, விடிகாலை பிரட்டுக்கு எழுந்து போகிற மனிதனுக்குத் தூக்கம் வேண்டும். கூரைக்கு அடியில் சீலிங் அடித்துத் தராத நிர்வாகம், "உங்க ஆளுங்களுக்கு ஏர்கோன் கேக்குது" என்று கேலி பேசுவதை நாம் ஏற்கமாட்டோம். ஆனால் ஒரு மின்விசிறி பத்து மணி நேரம் ஓடினால் ஏறக்குறைய அரை யூனிட்டுக்குக் கொஞ்சம் மேல்தான். ஏர்கோன் ஒரு ராத்திரிக்குத் தின்பது பத்து மின்விசிறி தின்பதற்குச் சமம். பாட்டியின் மின்விசிறியை நிறுத்திவிட்டு ஏர்கோனை விடிய விடிய ஓட்டும் வீடு, ஓட்டைப் பானையில் தண்ணீர் பிடிக்கிற வீடு.

வீட்டில் செய்யக்கூடியது என்ன?

முதலில் மீட்டர். ஞாயிற்றுக்கிழமை காலை பசியாறியதும் ஒரு பிள்ளையை அனுப்பி மீட்டரில் உள்ள எண்ணைக் காலண்டரில் எழுதச் சொல்லுங்கள். போன வார எண்ணை இதில் கழித்தால் அந்த வாரத்துச் செலவு. 350-க்குள் நிற்க வேண்டுமானால் வாரம் 80 யூனிட். 300-க்குள் என்றால் 70. 200-க்குள் என்றால் 46. மூன்றாவது வாரமே கணக்குத் தெரிந்துவிட்டால், நான்காவது வாரம் கையைப் பிடிக்கலாம். 345-இல் நிற்கிற வீட்டுக்கும் 351-க்கும் நடுவில் இருப்பது ஒரே ஒரு ராத்திரி ஏர்கோன்தான்.

இரண்டாவது, பெரிய தீனி தின்பதை முதலில் பிடியுங்கள். ஏர்கோனை நடுராத்திரிக்கு மேல் தானாக நிற்கும்படி வைத்துவிட்டு, மின்விசிறியைப் போடலாம். துணியைச் சேர்த்து வைத்து வாரத்தில் ஒரு நாள் அயன் பண்ணலாம். ஐஸ் பெட்டிக் கதவின் ரப்பர் தளர்ந்திருந்தால், ஒரு காகிதத்தைச் செருகிக் கதவைச் சாத்தி இழுத்துப் பாருங்கள். காகிதம் சுலபமாக வந்துவிட்டால் குளிரும் அப்படித்தான் வெளியே போகிறது. அந்த ரப்பரை மாற்றுவது புதுப் பெட்டி வாங்குவதைவிட மலிவு.

மூன்றாவது, பில்லை வீட்டின் நடுவில் வைத்துப் பேசுங்கள். அம்மா மட்டும் சுமக்கிற ரகசியமாக அது இருக்கக்கூடாது. சம்பாதிக்கும் மகன் ஏர்கோன் வேண்டும் என்றால், கூடுகிற 49 வெள்ளி அவன் பங்கு என்று நேராகச் சொல்லலாம். கணக்கு எதிரில் இருக்கும்போது குரல் தணிந்துவிடும்.

இவ்வளவும் தனி மீட்டர் இருக்கும் வீட்டுக்கு. இல்லாத வீட்டுக்கு?

அண்மையில் ஒரு தோட்டத்தில் கூட்டம் முடிந்து கிளம்பும்போது, உதிரிப்பழம் பொறுக்கும் ஓர் அக்கா சிலிப்பை நீட்டினார். "அண்ணே, இத கொஞ்சம் பாருங்க. எனக்கும் பேரனுக்கும் ஒரு காத்தாடி, ரெண்டு லைட்டு, ஒரு ஐஸ் பெட்டி, சின்ன டிவி. 96 வெள்ளி புடிச்சிருக்காங்க." நாம் எழுதிப் போட்டுப் பார்த்தோம். எப்படிக் கூட்டினாலும் 90 யூனிட்டுக்கு மேல் போகவில்லை. தனிக் கணக்காக இருந்தால் 17 வெள்ளி 50 காசுதான் வரும்.

விசாரித்ததில் விஷயம் புரிந்தது. அந்த லயத்துக்கு ஒரே ஒரு பெரிய மீட்டர். வருகிற பில்லை ஆபீசில் 24 வீட்டுக்கும் சமமாகப் பங்கு போட்டுவிடுகிறார்கள். இரண்டு ஏர்கோன் ஓடும் வீட்டுக்கும் 96, அந்த அக்காவுக்கும் 96. இப்படி இருந்தால் யார் சிக்கனம் பிடிப்பார்கள்? விளக்கை அணைக்கிறவன் அடுத்த வீட்டுக்காரனுக்குத்தான் மிச்சம் பிடிக்கிறான். அரசாங்கம் சிறிய வீட்டுக்கென்று ஒதுக்கிய கழிவு, அந்தச் சிறிய வீட்டின் வாசல் வரைக்கும் வரவே இல்லை.

இங்கேதான் சட்டத்தைக் கையில் எடுக்க வேண்டும். 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின் 24-ஆம் பிரிவு, சம்பளத்தில் முதலாளி கண்டபடி கை வைப்பதைத் தடுக்கிறது. வீட்டு வாடகை, முதலாளி தரும் சேவைகள் ஆகியவற்றுக்குப் பணம் பிடிக்க வேண்டுமானால், தொழிலாளி எழுத்து மூலம் கேட்டிருக்க வேண்டும், அல்லது வேலை ஒப்பந்தத்தில் அப்படி இருக்க வேண்டும். அதோடு தொழிலாளர் இலாகா தலைமை இயக்குநரின் அனுமதியும் வேண்டும். ஒரு மாதத்துப் பிடித்தங்கள் பொதுவாகச் சம்பளத்தில் பாதியைத் தாண்டக்கூடாது என்றும் அதே பிரிவு சொல்கிறது.

ஆகவே ஆபீசுக்குப் போகும்போது சத்தம் போட வேண்டியதில்லை. நான்கு கேள்விகளை எழுதிக்கொண்டு, கிளைச் செயலாளரோடு போங்கள். எங்கள் வீட்டுக்கு எத்தனை யூனிட்? எந்தக் கட்டணத்தில்? தோட்டத்துக்கு வந்த அசல் பில்லைக் காட்ட முடியுமா? இந்தப் பிடித்தத்துக்கு அனுமதி எங்கே? வாய்ப் பேச்சு காற்றோடு போய்விடும். கடிதமாகக் கொடுத்து, பிரதியில் கையெழுத்து வாங்குங்கள். பதில் வராவிட்டால் அந்தப் பிரதியோடு தொழிலாளர் இலாகாவுக்குப் போகலாம்.

நாம் சொன்ன அந்தத் தோட்டத்தில் நிர்வாகம் முதலில் "மீட்டர் பூட்டச் செலவாகுமே" என்று இழுத்தது. கடிதம் போனது. இப்போது வீட்டுக்கு வீடு துணை மீட்டர் பூட்டச் சம்மதித்திருக்கிறார்கள். பூட்டி முடிகிறவரை நாம் விடப்போவதில்லை. துணை மீட்டர் பாதி வழிதான். யார் எவ்வளவு தின்றார்கள் என்று அது காட்டும். கழிவு முழுசாக வந்து சேர, வீட்டுக்கு ஒரு கணக்கு தெனாகாவிடமே இருக்க வேண்டும். சங்கத்தின் கோரிக்கை அதுதான்.

இன்னொன்று. பரம ஏழைக் குடும்பங்களுக்கு மாதம் 40 வெள்ளி வரை மின்சாரக் கழிவு 2019-இல் கொண்டுவரப்பட்டது. இ-காசே பட்டியலில் பெயர் உள்ளவர்களுக்கு அது. வேலை ஓய்ந்த முதியவர்களும், புருஷன் இல்லாமல் பிள்ளை வளர்ப்பவர்களும் அந்தப் பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று மாவட்ட அலுவலகத்தில் கேட்டுப் பாருங்கள். கேட்பதில் வெட்கம் எதற்கு?

கிராணி எழுதிய எடையை அப்படியே நம்பி வீட்டுக்குப் போன காலம் ஒன்று இருந்தது. தராசை எட்டிப் பார்க்கக் கற்றுக்கொண்ட பிறகுதான் பால் எடை சரியாக வந்தது என்று நம் பெரியவர்கள் சொல்வார்கள். கரண்டு மீட்டரும் ஒரு தராசுதான். இந்த ஞாயிற்றுக்கிழமை அதை எட்டிப் பாருங்கள். மீட்டர் இல்லாத வீட்டுக்காரர்கள் திங்கட்கிழமை கிளைச் செயலாளரைப் பாருங்கள்.