கண்டதை மட்டும் எண்ணாதீர்கள்

மே மாதம் வந்தால் ரொறன்ரோவில் பறவை பார்ப்பவர்களுக்குத் திருவிழா. உங்களில் சிலரும் பைனாகுலரைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு விடியற்காலையிலேயே ஹை பார்க்குக்கும் லெஸ்லி ஸ்பிற்றுக்கும் போகிறீர்கள். நான்கு மணித்தியாலம் கார் ஓடி, ஈரி ஏரிக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் பொயின்ற் பீலி வரை போகிறவர்களும் இருக்கிறீர்கள். திரும்பி வந்ததும் பட்டியல் போடுகிறீர்கள். இன்றைக்கு இத்தனை வகை வார்ப்ளர், இந்த வருடம் மொத்தம் இத்தனை வகை.

அதில் எனக்கு ஒரு சண்டையும் இல்லை. ஃபோனை விட்டுவிட்டு மரத்தை அண்ணாந்து பார்க்கும் பிள்ளைகளைக் குறை சொல்ல நான் யார்? என் சண்டை அந்தப் பட்டியலில் ஏறாத பறவைகளைப் பற்றியது. உங்கள் வீட்டு யன்னலில் மோதிச் செத்த பறவைகளைப் பற்றியது.

பிளாக்பர்னியன் வார்ப்ளர் என்று ஒன்று இருக்கிறது. ஆண் பறவையின் தொண்டை நெருப்பு நிறம். எடை சுமார் 10 கிராம், அதாவது இரண்டு ஒரு டொலர் நாணயங்களின் எடைகூட இல்லை. குளிர்காலத்தைத் தென் அமெரிக்காவின் அந்தீஸ் மலைக்காடுகளில் கழித்துவிட்டு, ஆயிரக்கணக்கான கிலோமீற்றர் பறந்து ஒன்ராறியோவின் ஊசியிலைக் காடுகளுக்கு வருகிறது. இப்படியான சிறு பறவைகள் பெரும்பாலும் இரவில்தான் பயணம் செய்கின்றன. நகரத்து வெளிச்சம் அவற்றை இழுக்கிறது. விடிந்ததும் களைத்துப்போய், பசியோடு கீழே இறங்குகின்றன. எதிரே ஒரு மரம் தெரிகிறது, அல்லது வானம் தெரிகிறது. உண்மையில் அது கண்ணாடியில் விழுந்த நிழல். "தடக்" என்று ஒரு சத்தம். உள்ளே இருக்கும் அம்மம்மா "இதென்ன சகுனமோ" என்பா. நாங்கள் திரும்பவும் ரீவி பார்ப்போம்.

"அது டவுன்ரவுன் கோபுரங்களின் பிரச்சினை" என்று சொல்லாதீர்கள். இதுதான் நான் உடைக்க விரும்பும் பொய். 2013இல் வெளிவந்த ஆய்வு ஒன்றின் மதிப்பீட்டின்படி, கனடாவில் ஆண்டுதோறும் சுமார் 2.5 கோடி பறவைகள் கட்டடக் கண்ணாடிகளில் மோதிச் சாகின்றன. அதில் ஏறத்தாழ 90 வீதம் வீடுகளில் நடப்பது. ஒரு கோபுரத்தின் அடியில் ஒரே காலையில் நிறையப் பறவைகள் செத்துக் கிடந்தால் அது செய்தி. ஒரு வீட்டில் வருடத்துக்கு ஒன்றோ இரண்டோ சாவது செய்தி ஆகாது. ஆனால் வீடுகள் எத்தனை? ஸ்காபரோ, மார்க்கம், ஏஜக்ஸ், பிரம்ரன் என்று எங்கள் ஆட்கள் வாங்கிய வீடுகளையே எண்ணிப் பாருங்கள். பின்பக்கம் முழுதும் கண்ணாடிக் கதவு, அதற்கு எதிரே ஒரு மேப்பிள் மரம், மரத்தில் தீனிப் பெட்டி. பறவைக்கு அன்பாக வைத்த பொறி.

சட்டம் பார்த்துக்கொள்ளும் என்றும் இருக்க முடியாது. ரொறன்ரோவில் 2010 முதல் பெரிய புதிய கட்டடங்களுக்குப் பறவைப் பாதுகாப்பு விதிகள் இருக்கின்றன. கண்ணாடி பிரதிபலிக்கும் ஒளியும் சூழலைக் கெடுக்கும் மாசுதான் என்று 2013இல் ஒன்ராறியோ நீதிமன்றம் ஒன்று சொன்னது. இரண்டும் பெரிய வெற்றிகள். ஆனால் அந்த விதிகள் உங்கள் தனி வீட்டுக்குப் பொருந்தாது. அங்கே அதிகாரி நீங்கள்தான்.

"பூனைகள் இதைவிடக் கூடுதலாகக் கொல்கின்றனவே?" என்று கேட்பீர்கள். உண்மை, கனடாவில் பூனைதான் முதலிடம். அப்படியென்றால் பூனையை வீட்டுக்குள் வையுங்கள். ஒரு குற்றத்தைக் காட்டி இன்னொன்றைத் தள்ளுபடி செய்ய முடியாது. 1970இலிருந்து வட அமெரிக்கா சுமார் 300 கோடி பறவைகளை இழந்துவிட்டதாக 2019இல் விஞ்ஞானிகள் கணக்கிட்டார்கள். "இந்த முறை நிறைய வந்திருக்கு" என்று பூங்காவில் நின்று சொல்கிறவர்கள் இந்தக் கணக்கையும் வைத்துப் பேச வேண்டும்.

இன்னொன்று. நீங்கள் அரிதான பறவையைத் துரத்துகிறீர்கள். கண்ணாடி அப்படித் தேர்வு செய்வதில்லை. ரொறன்ரோவில் கட்டடங்களின் அடியில் அதிகம் கிடைப்பவை வைட் த்ரோட்டட் ஸ்பாரோ, கிங்லெட், அவன்பேர்ட் போன்றவை. அதாவது, "ஓ, அதுவா" என்று நீங்கள் கமராவைத் திருப்பிக்கொள்ளும் பறவைகள். 1993இல் தொடங்கிய ஃபிளாப் கனடா அமைப்பின் தொண்டர்கள் விடியற்காலையில் தெருத் தெருவாகப் போய் அவற்றைப் பொறுக்குகிறார்கள். பொறுக்கியதை ஆண்டுக்கொரு முறை றோயல் ஒன்ராறியோ அருங்காட்சியகத்தில் வரிசையாக அடுக்கிக் காட்டுகிறார்கள். வசந்தப் படங்களுக்குக் கொடுக்கும் நேரத்தில் ஒரு பங்கை அந்தப் படங்களுக்கும் கொடுங்கள்.

தீர்வு கடினமாக இருந்தால் உங்களை மன்னித்துவிடலாம். ஆனால் கடினமில்லை. கண்ணாடியின் வெளிப்பக்கத்தில், 5 சென்ரிமீற்றர் இடைவெளியில் புள்ளிகள். அவ்வளவுதான். உள்ளே ஒட்டினால் பிரதிபலிப்பு மறையாது. ஒற்றைப் பருந்து ஸ்டிக்கர் ஒட்டுவதால் பயன் இல்லை, அதைச் சுற்றியுள்ள இடத்தில் பறவை மோதும். சிக்காகோவில் மக்கோர்மிக் பிளேஸ் என்ற மாநாட்டு மண்டபத்தில் 2023 ஒக்ரோபரில் ஒரே இரவில் ஏறத்தாழ 1,000 பறவைகள் செத்தன. அடுத்த ஆண்டு கண்ணாடி முழுதும் புள்ளிகள் ஒட்டினார்கள். சாவு 90 வீதத்துக்கும் மேல் குறைந்தது.

புள்ளி ஒட்டும் நாடாவுக்குக் காசு இல்லையா? கழுவினால் போகும் ரெம்பரா பெயின்றால் வரையுங்கள். புள்ளிக் கோலம் போடத் தெரிந்த ஆட்கள் நாங்கள்! அம்மாவிடம் கேளுங்கள், இடைவெளி பிசகாமல் புள்ளி வைத்துத் தருவா. "பார்க்கிற சனம் என்ன சொல்லும்" என்று அப்பா சொன்னால், தைப்பொங்கலுக்கு வாசலில் போடுவதைத்தான் மே மாதத்தில் யன்னலில் போடுகிறோம் என்று சொல்லுங்கள். தீனிப் பெட்டியைக் கண்ணாடியிலிருந்து அரை மீற்றருக்குள் கொண்டுவாருங்கள், அப்போது பறவைக்கு வேகம் எடுக்க இடமிருக்காது. இரவில் தேவையில்லாத வெளி விளக்குகளை அணையுங்கள். மோதி மயங்கிய பறவை கிடைத்தால் தண்ணீர் ஊற்றாதீர்கள். காற்றுப் போகும் அட்டைப் பெட்டியில் வைத்து மூடி, வனவிலங்கு மீட்பு நிலையத்துக்கு அழையுங்கள்.

செத்துக் கிடந்தால் அதையும் பதிவு செய்யுங்கள். திகதி, இடம், எந்தப் பக்க யன்னல். மோதல்களைப் பதிய ஃபிளாப் நடத்தும் இணைய வரைபடம் இருக்கிறது. அதுவும் நீங்கள் கண்ட பறவைதான். உயிரோடு கண்டதை மட்டும் எழுதும் பட்டியல் பாதிக் கணக்கு, செலவை எழுதாத வரவேடு மாதிரி.

வசந்தம் முடிவதற்குள் முடியாவிட்டால் ஆகஸ்டுக்குள் செய்யுங்கள். இதே பறவைகளும் அவற்றின் குஞ்சுகளும் தெற்கே திரும்பும். அடுத்த முறை பொயின்ற் பீலியில் எடுத்த படத்தைப் போடும்போது, புள்ளி வைத்த உங்கள் வீட்டு யன்னலையும் ஒரு படம் எடுத்துப் போடுங்கள். நான் முதலில் லைக் போடுவது அதற்குத்தான்.