மொழிபெயர்ப்பு சாப்ட்வேர் மட்டும் போதுமா?

"போலந்தில் வேலை கிடைத்திருக்கிறது. போலிஷ் மொழி கற்க வேண்டுமா? அதுதான் மொபைலிலேயே மொழிபெயர்ப்பு வந்துவிட்டதே!" என்று நண்பர்கள் கேட்கிறார்கள். வ்ரோத்ஸ்வாஃப் நகரில் சாப்ட்வேர் இன்ஜினியராகப் பணிபுரிபவன் என்ற முறையில் என் பதில்: அவசியம் கற்க வேண்டும். அலுவலகத்தை ஆங்கிலத்தில் ஓட்டிவிடலாம். கடை, வீட்டு உரிமையாளர், அரசு அலுவலகம் என்று வரும்போது அது போதாது.

முதலில் மரியாதை. தமிழில் நீ, நீங்கள் இருப்பது போல போலிஷிலும் வேறுபாடு உண்டு. அறிமுகமில்லாத ஆணை 'பான்' என்றும் பெண்ணை 'பானி' என்றும் சொல்லிப் பேச வேண்டும். ஆங்கிலத்தில் டைப் செய்து மொழிபெயர்த்தால் இந்த வேறுபாடு தொலைந்துபோகலாம். பக்கத்து வீட்டுப் பாட்டியை 'நீ' என்று அழைத்தால் நம் ஊரில் எப்படி இருக்கும்?

அடுத்து அடையாளம். 'ஒபிவாதெல்ஸ்ட்வோ' என்றால் குடியுரிமை. 'நரோடோவோஷ்ச்' என்றால் ஒருவர் தன்னை எந்த இனத்தவராக உணர்கிறார் என்பது. ஆங்கிலத்தில் இரண்டையும் நேஷனாலிட்டி என்றே சொல்லிவிடுகிறோம். 2011-ம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 8 லட்சத்துக்கும் அதிகமானோர் தங்களை சைலீசியர் என்று பதிவு செய்தார்கள். அவர்களில் பலர் போலிஷ் அடையாளத்தையும் சேர்த்தே குறிப்பிட்டார்கள். 1795 முதல் 1918 வரை, 123 ஆண்டுகள் போலந்து என்ற நாடே வரைபடத்தில் இல்லை. அப்போது அந்த மக்களை ஒன்றாக வைத்திருந்ததில் மொழிக்குப் பெரும் பங்கு உண்டு. அதனால்தான் அந்நியர் ஒருவர் 'ஜென் டோப்ரி' என்று வணக்கம் சொன்னாலே முகம் மலர்கிறார்கள்.

இனி கம்ப்யூட்டர் விஷயம். போலிஷில் 32 எழுத்துக்கள். அவற்றில் 9 எழுத்துக்களுக்கு வால், புள்ளி, கோடு போன்ற குறிகள் உண்டு. ஏ எழுத்தின் வாலை விட்டுவிட்டால் நீதிமன்றம் என்ற சொல் பழத்தோட்டம் ஆகிவிடும்! விண்டோஸ் செட்டிங்ஸில் போலிஷ் மொழியைச் சேர்த்து, 'போலிஷ் புரோகிராமர்ஸ்' கீபோர்டைத் தேர்ந்தெடுங்கள். வலப்பக்க ஆல்ட் கீயுடன் ஏ எழுத்தை அழுத்தினால் வாலுள்ள எழுத்து கிடைக்கும்.

சொற்களை மனதில் நிறுத்த 'ஆன்கி' என்ற புரோகிராமைப் பரிந்துரைக்கிறேன். கம்ப்யூட்டருக்கு இலவசம். மறக்கும் சொற்களை அடிக்கடியும், தெரிந்தவற்றை இடைவெளி விட்டும் கேட்கும். பிறர் தயாரித்த ஆயிரம் சொற்களை டவுன்லோட் செய்யாதீர்கள். அன்றன்று காதில் விழுந்த ஐந்து வாக்கியங்களை நீங்களே டைப் செய்யுங்கள். தனிச்சொல் ஏன் போதாது? போலிஷில் 7 வேற்றுமைகள் உண்டு. மரம் என்பது 'மரத்தில்' என்று மாறுவது போல, கிராகுஃப் நகரின் பெயர் 'கிராகோவியே' என்று மாறும். ஆங்கிலம் மட்டும் தெரிந்தவரை இது மிரட்டும். தமிழருக்கு இது பழகிய சங்கதிதானே?

வழி கேட்கவும் விலை கேட்கவும் மொபைல் உதவும். பக்கத்து வீட்டாரோடு பழக நம் வாயிலிருந்துதான் சொல் வர வேண்டும். விமானம் ஏறும் முன்பே தொடங்குங்கள்.