மேய்ப்பரிடம் ஆடு கணக்குக் கேட்கலாமா?

சாமியாருக்கும் சனங்களுக்கும் நல்லுறவு வேண்டுமாம். தியானம் நடத்துகிறார்கள், கருத்தரங்கு போடுகிறார்கள். மேய்ப்பர் ஆடுகளை நேசிக்க வேண்டும் என்று பிரசங்கம் வேறு. நேசம் கிடக்கட்டும். ஆடு எந்தக் காலத்தில் மேய்ப்பரிடம் கணக்குக் கேட்டது?

நான் வங்கியில் கவுண்டரில் உட்காருகிறவன். ஐந்நூறு ரூபாய் போட்டு வைத்திருக்கும் கிழவிகூட பாஸ்புக்கை நீட்டி, 'எங்காசு எவ்வளவு இருக்குப்பா?' என்று அதட்டுகிறாள். சொல்லியாக வேண்டும். அதே கிழவி பூசையில் முந்தானை முடிச்சை அவிழ்த்துக் காணிக்கை போடுகிறாள். அது எங்கே போனது என்று கேட்க வாய் வருவதில்லை. கேட்டால் பாவமாம்!

ஒரு பாவமும் இல்லை. ரோம் 1983-இல் வெளியிட்ட திருச்சபைச் சட்டத்தின் 537-ஆம் பிரிவு, ஒவ்வொரு பங்கிலும் நிதிக்குழு வேண்டும் என்கிறது. விசுவாசிகள் கொடுத்ததற்கு விசுவாசிகளிடம் கணக்குச் சொல்லச் சொல்கிறது 1287. எந்தப் பிரசங்கத்திலாவது இதைக் கேட்டிருக்கிறீர்களா? பங்குப் பேரவைக்கு மட்டும் ஆலோசனை சொல்லும் உரிமையோடு சரி. முடிவு சாமியாருடையது. (சி.எஸ்.ஐ. தோழர்கள் சிரிக்க வேண்டாம். உங்களிடம் ஓட்டுப்பெட்டி இருக்கிறது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு கோர்ட்டுக்கு அலைகிறீர்கள்.)

எறையூரில் சேரிச் சனங்கள் கேட்டது என்ன? தங்கள் சகாய மாதா கோயிலைத் தனிப்பங்காக்கு என்று. பங்கு பிரிக்கும் அதிகாரம் ஆயர் ஒருவருக்குத்தான். அவர் தரவில்லை. 2008 மார்ச் 9-இல் வன்னியக் கிறிஸ்தவர்கள் சேரி வீடுகளை அடித்து நொறுக்கினார்கள். போலீஸ் சுட்டதில் அவர்களில் 2 பேர் செத்தார்கள். அடித்தவன், அடிபட்டவன், செத்தவன் எல்லாரும் ஒரே பங்குதான். மேய்ப்பர் எங்கே இருந்தார்?

2016-இல் இந்திய ஆயர் பேரவை ஒரு கொள்கை அறிக்கை வெளியிட்டது. சபைக்குள் தீண்டாமை இருப்பதை அதில் ஒப்புக்கொண்டார்கள். அன்றைக்கு 1.9 கோடி கத்தோலிக்கரில் 1.2 கோடிப் பேர் தலித்துகள். தலித் ஆயர்களோ 12 பேர்தான் இருந்தார்கள். சரி, பாவசங்கீர்த்தனம் ஆயிற்று. பாவத்தைச் சொன்னால் மட்டும் போதாது, பரிகாரம் செய்ய வேண்டும் என்று ஞானோபதேச வகுப்பில் நமக்குச் சொல்லிக் கொடுத்தவர்கள் இவர்கள்தானே? இவர்களுடைய பரிகாரம் எங்கே?

ஊருக்குப் போகிற மாணவத் தோழர்கள் ஒன்று செய்யலாம். 537-ஐயும் 1287-ஐயும் பெரிய எழுத்தில் எழுதிக் கோயில் கதவில் ஒட்டுங்கள். போன வருசத் திருவிழா வரவுசெலவைக் கேளுங்கள். கோபப்படாமல் நோட்டை எடுத்து வைக்கிற சாமியார் இருந்தால், அவரோடு உட்கார்ந்து டீ குடியுங்கள். அப்படியும் சிலர் இருக்கிறார்கள்.