பார்க்க வந்த கோட் பூட்டிக்கொண்டு நிற்கலாமா?

டெட்லொக் எண்டா என்ன என்று கொழும்பில் ஐடி படிக்கிற யாரைக் கேட்டாலும், வட்ட மேசையைச் சுற்றியிருந்து சாப்பிடுகிற ஐந்து தத்துவஞானிகளின் கதை வரும். டைக்ஸ்ட்ரா 1965இல் பரீட்சைக் கேள்வியாகப் போட்ட சிக்கலில் இருந்து வளர்ந்த கதை அது. 1971இல் கோஃப்மனும் வேறு இருவரும் எழுதிய நான்கு நிபந்தனைகளையும் சேர்த்துப் பாடமாக்கினால் சோதனையில் புள்ளி விழும். நல்ல கதைதான். ஆனால் பாடம் தொடங்கவேண்டிய இடம் அதில்லை என்பது என்ர கருத்து. டெட்லொக் வர இரண்டு பேர் தேவையில்லை. ஒராள் காணும்.

ஒரு லொக்கைக் கையில் வைத்திருக்கிற அதே கோட், சுற்றி வந்து அதே லொக்கைத் திரும்பக் கேட்டால் கதை முடிஞ்சுது. லினக்ஸ் கேர்னலின் சாதாரண ஸ்பின் லொக்குக்குத் தன்னைப் பிடித்திருப்பது யார் என்று தெரியாது. "பூட்டியிருக்கு, நில்லு" என்று மட்டும்தான் அதுக்குச் சொல்லத் தெரியும். கேட்டவரே வைத்திருப்பவர் என்றால் விடுவிக்க ஆளில்லை. அந்த சிபியு அதே இடத்தில் சுற்றிக்கொண்டே நிற்கும்.

"இவ்வளவு மோசமாகவா கோட் எழுதுவினம்?" என்று கேட்பீங்கள். நல்ல கைகள் எழுதிய கோட்டிலேயே நடந்திருக்கு. முக்கியமாக ட்ரேசிங் கோட்டில், அதாவது கேர்னல் உள்ளுக்குள் என்ன செய்கிறது என்று பார்த்துப் பதிகிற பகுதியில்.

வெள்ளவத்தையில் ஒரு ஃப்ளட்ஸை யோசியுங்கோ. கட்டடத்தில் எந்தக் கதவு திறந்தாலும் கொப்பியில் பதிய வேணும் என்று கொமிட்டி சட்டம் போடுகிறது. கொப்பி இருப்பது அலுமாரிக்குள். அலுமாரிக்கும் ஒரு கதவு. அதைத் திறந்தால் அதையும் பதிய வேணும், பதியக் கொப்பி வேணும், கொப்பி அலுமாரிக்குள். செக்கியூரிட்டி அண்ணை சட்டத்தை எழுத்துக்கு எழுத்து பின்பற்றினால் ஒரு வரிகூட எழுத மாட்டார்.

இது வெறும் உவமை இல்லை. 2022இல் வந்த லினக்ஸ் 5.19, ஒரு லொக்குக்காக யாராவது காத்திருக்கத் தொடங்கினால் அறிவிக்கிற ட்ரேஸ்பொயின்ட் ஒன்றைத் தந்தது. அதில் ஒரு பிபிஎஃப் புரோகிராமைக் கொழுவி, "இங்க ஒராள் காத்திருக்குது" என்று அச்சடிக்கச் சொன்னால் என்ன நடக்கும்? அச்சடிக்கிற ஃபங்ஷன் தன் பஃபரைப் பாதுகாக்க ஒரு ஸ்பின் லொக்கை எடுத்தது. அந்த லொக்குக்கே காத்திருக்க நேர்ந்தால் அதே ட்ரேஸ்பொயின்ட் திரும்ப அடிக்கும், அதே புரோகிராம் திரும்ப ஓடலாம், திரும்ப அதே லொக். அந்த டிசம்பரில் வந்த திருத்தம் லொக்கையே தூக்கிவிட்டது. ஒவ்வொரு சிபியுவுக்கும் தனிப் பஃபர். ஒன்றுக்குள் ஒன்றாக மூன்று மட்டம் வரை இடம். அதுக்கு மேல் போனால் "இப்ப ஏலாது" என்று திருப்பி அனுப்பும்.

இந்தச் சிக்கலோடு மல்லுக்கட்டியவர்கள் எல்லாரும் கலிஃபோர்னியாவில் இல்லை. ஓடுகிற கேர்னலின் நடுவில் பொறி வைக்க உதவும் கேப்ரோப்ஸ், 2004இல் 2.6.9 பதிப்போடு வந்தது. அந்த ஃபைலின் தலையிலேயே வம்சி கிருஷ்ணா, பிரசன்னா பஞ்சமுகி, சுபர்ணா பட்டாச்சார்யா என்ற பெயர்கள் ஐபிஎம் இந்தியாவின் மின்னஞ்சல்களோடு இருக்கு. கேப்ரோப்ஸில் ஒரு விதி எனக்கு மிகவும் பிடிக்கும். ஒரு பொறியைக் கையாளும்போது இன்னொரு பொறியில் கால் பட்டால், இரண்டாவதின் ஹாண்ட்லரை ஓட்டாது. "தவறவிட்டது" என்ற எண்ணிக்கையை ஒன்று கூட்டிவிட்டு நகரும்.

அப்படியும் ஓட்டை இருந்தது. ஒரு டாஸ்க் முடியும்போது கேரெட்ப்ரோப் தன் கணக்கை மூட ஒரு லொக் எடுக்கும். லொக் எடுக்கிற ஃபங்ஷன் மேலேயே யாராவது பொறி வைத்திருந்தால், அது திரும்பும் வழியில் ஹாண்ட்லர் ஓடி அதே லொக்கைக் கேட்கும். 2020இல்தான் அதைத் திருத்தினார்கள். லொக்கைத் தொட முதலே "நான் வேலையாயிருக்கிறேன்" என்று அந்த சிபியுவில் குறித்துவிட்டால், ஹாண்ட்லர் ஓடாது.

ஜாவா படித்தவர்கள் உடனே கேட்பார்கள்: அதே ஆள் திரும்பக் கேட்டால் உள்ளே விடுகிற லொக்கைப் போட்டால் சரிதானே? சரியில்லை. லொக் காப்பது கதவை இல்லை, பாதி மாற்றிய தரவை. ஒரு லிஸ்ட்டின் கண்ணிகளைக் கழற்றிப் பூட்டுகிற நடுவில் அதே ஆள் வேறு வழியால் உள்ளே வந்தால், கழன்ற கண்ணியில் நடப்பார். சேர்வர் தொங்குவதற்குப் பதில் தரவு பழுதாகும். தொங்கினதாவது கண்ணுக்குத் தெரியும்.

ஒரே ஒரு கொடி வைத்தால் போதுமோ? அதுவும் போதாது. சாதாரண ஓட்டத்தை இன்டரப்ட் இடைமறிக்கும், அதையும் என்எம்ஐ இடைமறிக்கும். இவை நியாயமான வருகைகள், சுழற்சி இல்லை. ஸ்டீவன் ரொஸ்டெட்டின் எஃப்ட்ரேஸ் அதனால்தான் சாதாரணம், சொஃப்ட் இன்டரப்ட், இன்டரப்ட், என்எம்ஐ என்று நான்கு சூழலுக்கும் தனித்தனிக் குறி வைக்கிறது. அதே சூழலில் இரண்டாம் தரம் வந்தால் மட்டுமே தடுக்கும்.

என்ர நிலைப்பாடு இதுதான்: பார்க்க வந்த கோட் ஒருபோதும் காத்திருக்கக் கூடாது. கிடைத்தால் எழுது, கிடைக்காவிட்டால் விடு, விட்டதை எண்ணு. இதுக்கு ஒரு நியாயமான மறுப்பு இருக்கு. பாதுகாப்புக்காகக் கண்காணிக்கிற இடத்தில், விட்டுப்போன ஒரு நிகழ்வுக்குள்தான் திருடன் ஒளிந்திருப்பான். உண்மை. ஆனால் தொங்கிப்போன சேர்வரும் எதையும் பதியாது. எண்ணிக்கை ஏறினால் அலாரம் அடிக்கச் செய்யலாம். விட்டதை மறைத்துவிட்டு "எல்லாம் பார்த்தேன்" என்று சொல்கிற கருவிதான் ஆபத்தானது.

கூகிள் சம்மர் ஒஃப் கோட்டின் முதல் பத்து ஆண்டுகளில் உலகிலேயே அதிக மாணவர்களை அனுப்பியது மொரட்டுவைப் பல்கலைக்கழகம். ஆகவே எங்கட பிள்ளைகளுக்கு இது எட்டாத உயரம் இல்லை. கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் வகுப்பு எடுக்கிறவர்களிடம் ஒரு வேண்டுகோள்: தத்துவஞானிகளைச் சாப்பிட விட முதல், ஒரு லொக்கைத் தானே இரண்டு தரம் கேட்கிற பத்து வரி கோட்டை ஓட்டிக் காட்டுங்கோ. மாணவர்களே, ஒரு வேர்ச்சுவல் மெஷினில் லொக்டெப்பை இயக்கிய கேர்னலை ஏற்றிப் பாருங்கோ. கேப்ரோப்ஸ் பொறி வைக்க விடாத ஃபங்ஷன்களின் பட்டியலைத் திறந்து, ஒவ்வொன்றும் ஏன் அங்கே இருக்கு என்று கேளுங்கோ. அடுத்த முறை ஒரு கண்காணிப்புக் கருவியை உங்கட கொம்பனி சேர்வரில் போடச் சொன்னால், முதல் கேள்வி "என்னவெல்லாம் பார்க்கும்?" என்பதாக இருக்க வேண்டாம். "எதையெல்லாம் தவறவிடும், தவறவிட்டதைச் சொல்லுமா?" என்று கேளுங்கோ.