பெட்டி பழுதானால் புத்தகமும் போய்விட வேண்டுமா?

1990களில் யாழ்ப்பாணத்தில் வாழ்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மின்சாரம் இல்லை; பொருளாதாரத் தடையினால் பற்றரியும் இல்லை. செய்தி கேட்க வேண்டுமானால் சயிக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவிலிருந்து வரும் மின்சாரத்தில் றேடியோவை இயக்கினோம். எமது அயலில் கண் தெரியாத பெரியவர் ஒருவர் இருந்தார். அவருக்காகச் சில்லுச் சுற்றிக் கொடுப்பது சிறுவனாகிய எனது மாலை நேர வேலை. ஒரு வீட்டு றேடியோ பழுதானால் அடுத்த வீட்டு றேடியோவைக் கொண்டுவந்து கொழுவினோம். எந்த டைனமோவும் எந்த றேடியோவுக்கும் பொருந்தியது. அதனால்தான் அந்த வறுமையிலும் பெரியவரின் காதுக்கு உலகம் எட்டிக்கொண்டிருந்தது.

அண்மையில் வல்வெட்டித்துறைக்கு அருகே ஒரு வீட்டுக்குப் போயிருந்தபோது அந்த நினைவு மீண்டும் வந்தது. வீட்டுக்காரர் 1990 இல் வலிகாமம் வடக்கில் வெங்காயத் தோட்டத்தை விட்டுக் குடும்பத்தோடு புறப்பட்டவர். பின்னர் மிதிவெடியில் பார்வையை இழந்தவர். சில வருடங்களுக்கு முன் ஓர் உதவி அமைப்பு அவருக்கு ஒலிநூல் கேட்கும் கருவி ஒன்றைக் கொடுத்தது. கதைகள், பயிர்ச்செய்கைக் குறிப்புகள், வரலாறு என்று பல நூல்கள் ஒரு சிறு மெமரி காட்டில் இருந்தன. இரண்டு வருடம் நன்றாகக் கேட்டார். பிறகு கருவியின் பற்றரி வீங்கியது. அதற்குரிய பற்றரி சந்திக் கடையில் இல்லை, யாழ்ப்பாண நகரத்திலும் இல்லை. மகள் காட்டைக் கழற்றித் தன் கைத்தொலைபேசியில் போட்டுப் பார்த்தாள். அந்தக் கருவியைத் தவிர வேறெதிலும் ஒலிக்காதபடி நூல்கள் பூட்டப்பட்டிருந்தன.

"பாதர், பெட்டி செத்துப் போச்சுது. புத்தகமும் அதோட செத்துப் போச்சுது" என்றார் அவர்.

கொடுத்தவர்களின் நல்ல மனதை நாம் குறைத்துப் பேசவில்லை. ஆயினும் ஒரு கேள்வியைக் கேட்டேயாக வேண்டும். பார்வையுள்ளவன் வாங்கும் புத்தகத்தை எந்த விளக்கின் கீழும் வாசிக்கலாம். பார்வையற்றவனின் புத்தகம் மட்டும் ஏன் ஒரே ஒரு விளக்கின் கீழ்தான் திறக்க வேண்டும்?

இந்தப் பிரச்சினை புதியதன்று. அமெரிக்காவின் காங்கிரஸ் நூலகம் 1934 இல் பார்வையற்றோருக்கான பேசும் நூல்களை இசைத்தட்டில் வழங்கத் தொடங்கியது. கசெற் காலம் வந்தபோது அந்நூல்களைச் சாதாரண கசெற்றின் அரைவாசி வேகத்தில், நான்கு தடங்களில் பதிவு செய்தார்கள். ஒரு நூலுக்குத் தேவைப்படும் கசெற்றுகள் குறைந்தன; எவரும் பிரதி எடுத்து விற்பார்கள் என்ற பதிப்பாளரின் பயமும் குறைந்தது. ஆனால் அதைக் கடையில் வாங்கிய கசெற் கருவியில் போட்டால் இரட்டை வேகத்தில் கீச்சிட்டது. அங்கே அது பெரிய தொல்லையாக இருக்கவில்லை. ஏனெனில் சிறப்புக் கருவியை அரசே இலவசமாக இரவல் கொடுத்தது. பழுதானால் மாற்றியும் கொடுத்தது. எமக்கு அப்படி மாற்றிக் கொடுப்பவர் யார்? திட்டம் முடிந்ததும் அலுவலகம் பூட்டப்படுகிறது. கருவியைக் கொடுத்த அமைப்பின் தொலைபேசி இலக்கமும் சில வருடங்களில் மாறிவிடுகிறது.

இதற்கு மாற்று வழி உலகில் உண்டு. பேசும் நூல்களை வெளியிடும் நூலகங்கள் 1996 இல் ஒன்றுகூடி டெய்சி என்ற கூட்டமைப்பை நிறுவின. அதன் நோக்கம் எல்லாரும் பயன்படுத்தக்கூடிய ஒரு பொது வடிவம். டெய்சி நூலில் குரல் மட்டும் இருப்பதில்லை. அத்தியாயம், பக்கம் ஆகியவற்றைக் காட்டும் ஒரு வழிகாட்டிக் கோப்பும் இருக்கிறது. "மூன்றாம் அத்தியாயத்துக்குப் போ" என்றால் போகலாம். விட்ட இடத்தில் அடையாளம் வைக்கலாம். பத்து மணி நேரக் குரலை ஒரே நீளமாகக் கொடுத்தால் அது பக்க எண்ணும் தலைப்பும் இல்லாத கட்டுப்போலத்தான். உள்ளே இருக்கும் ஒலி எம்பி3 வடிவில் பதிவு செய்யப்பட்டிருந்தால், டெய்சி தெரியாத சாதாரண தொலைபேசியிலும் குரலையாவது கேட்கலாம். பெட்டி பழுதானாலும் புத்தகம் பிழைக்கும்.

சிறப்புக் கருவியே வேண்டாம் என்பதல்ல எமது கருத்து. பெரிய பொத்தான்களுள்ள, ஒரே வேலையைச் செய்கிற கருவி முதியவர்களுக்கு மிக உதவியானது. கண்ணாடிபோல் வழுவழுப்பான தொலைபேசியில் விரல் வைத்துப் பழக எல்லாராலும் முடியாது. கருவி இருக்கட்டும், நூல் அதற்குள் சிறைப்படக் கூடாது என்பதே நாம் சொல்வது.

இடம்பெயர்ந்தவர்களுக்கு இது நன்றாகப் புரியும். ஊரை விட்டுப் புறப்பட்டபோது உரப்பையில் எதைக் கட்டினோம்? தூக்கக்கூடியதை, போகிற இடத்தில் பயன்படக்கூடியதை. மண்வெட்டியின் தகட்டை எடுத்துக்கொண்டு பிடியை விட்டுவிட்டுப் போனவர்கள் உண்டு, பிடி எந்த ஊரிலும் கிடைக்கும் என்பதால். விரல் நகமளவான காட்டில் நூறு நூல்களைச் சட்டைப் பையில் கொண்டு போகலாம். போகிற ஊரில் இருக்கிற ஏதாவதொரு தொலைபேசி அதற்குப் பிடியாக அமைய வேண்டும்.

சட்டமும் இன்று முன்னைவிடச் சாதகமாக உள்ளது. பார்வையற்றோர் அச்சு நூல்களைப் பெறுவதற்கென 2013 இல் மராக்கேஷ் நகரில் ஓர் உலக உடன்படிக்கை செய்யப்பட்டது. நூலுரிமையாளரின் தனி அனுமதி இல்லாமல் அவர்களுக்கு ஏற்ற வடிவில் பிரதி செய்யவும், அப்பிரதியை நாடுவிட்டு நாடு அனுப்பவும் அது இடமளிக்கிறது. 2014 இல் இந்தியா முதல் நாடாக அதை ஏற்றது. 2016 செப்டெம்பரில் அது நடைமுறைக்கு வந்தது. அடுத்த மாதமே இலங்கையும் இணைந்தது. இந்தியாவில் 2016 ஓகஸ்டில் சுகம்ய புஸ்தகாலயா என்ற இணைய நூலகமும் பார்வையற்றோருக்காகத் தொடங்கப்பட்டது. தமிழ்நாட்டில் ஒருமுறை வாசித்துப் பதிவு செய்த நூலை நாம் மறுபடியும் முதலிலிருந்து பதிவு செய்ய வேண்டியதில்லை. எமது நிறுவனங்கள் இவ்வழியைப் பயன்படுத்த முன்வர வேண்டும்.

இன்னொரு பூட்டு எம் கையாலேயே போடப்படுகிறது. எமது பகுதியில் கடிதம், சுற்றறிக்கை, சஞ்சிகை எனப் பலவற்றை நாம் நெடுங்காலமாகப் பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்து வந்திருக்கிறோம். திரையில் அழகான தமிழ் தெரியும். கணினிக்குள்ளே இருப்பதோ ஆங்கில எழுத்து. "அம்மா" என்ற சொல்லைத் திரைவாசிப்பான் "எம், கே, அரைப்புள்ளி, கே, எச்" என்ற விதமாகத்தான் காணும். அதையே யூனிகோட்டில் தட்டச்சு செய்தால் தமிழ்க்குரல் உள்ள தொலைபேசி அதை வாசித்துச் சொல்லும். தாளைப் படம் பிடித்து அனுப்புவதும் இப்படித்தான். அவருக்கு அது வெற்றுப் படம்.

எனவே நாம் செய்யக்கூடியவை சில.

வீட்டில் பார்வையற்றவர் இருந்தால், அன்ட்ரொய்ட் தொலைபேசியின் அமைப்புகளில் டோக்பாக் என்ற வசதி இருக்கிறதா என்று பிள்ளைகளைப் பார்க்கச் சொல்லுங்கள். பெரும்பாலானவற்றில் இருக்கும், பணம் கட்டத் தேவையில்லை. முதல் வாரம் கஷ்டமாக இருக்கும். பக்கத்தில் இருந்து பழக்குங்கள். கணினி இருந்தால் என்விடிஏ என்ற இலவசத் திரைவாசிப்பான் தமிழும் பேசும்.

நூல் பதிவு செய்ய விரும்பும் இளைஞர் மன்றங்களும் பாடசாலைகளும் அத்தியாயத்துக்கு ஒரு கோப்பாக, எம்பி3 வடிவில், 001, 002 என்று வரிசை எண்ணிட்டுப் பதிவு செய்யட்டும். ஒவ்வொரு கோப்பின் தொடக்கத்திலும் நூலின் பெயரையும் அத்தியாயத்தையும் வாயால் சொல்லட்டும். வசதி கிடைக்கும்போது அதையே டெய்சி நூலாக ஆக்கலாம்.

கருவி கொண்டுவரும் நிறுவனங்களிடம் வாங்குபவர்கள் மூன்று கேள்விகளைக் கேட்க வேண்டும். இதிலுள்ள நூல் எங்கள் தொலைபேசியில் ஒலிக்குமா? இதன் பற்றரி எங்கள் சந்தியில் கிடைக்குமா? நீங்கள் போன பிறகு புதிய நூலை நாங்களே இதில் போடலாமா? உதவி பெறுபவர் கேள்வி கேட்கக் கூடாது என்றொரு கூச்சம் எம்மிடம் உண்டு. நீண்ட கால முகாம் வாழ்க்கை தந்த கூச்சம் அது. அதை விட்டுவிட வேண்டும்.

அந்த வீட்டுக்காரரின் காட் இன்னும் அவரது அலுமாரியில் ஒரு தீப்பெட்டிக்குள் இருக்கிறது. எறிய மனம் வரவில்லை என்கிறார். அவர் பாதியில் நிறுத்திய கதையின் மீதியை இப்போது மகள் பாடசாலை நூலகத்தில் இரவல் எடுத்து, இரவில் வாசித்துக் காட்டுகிறாள். அந்த வாசிப்பைத் தன் தொலைபேசியில் பதிவு செய்யும்படி அவளிடம் சொல்லிவிட்டு வந்தேன். அவரைப்போல் இன்னும் எத்தனையோ பேர் காத்திருக்கிறார்கள்.