அவமானம் பொழுதுபோக்கல்ல

பழைய ரியாலிட்டி நிகழ்ச்சிகளைப் பற்றி நண்பர்கள் கூடிப் பேசும்போது, அன்று சிரித்து ரசித்த காட்சிகளே இன்று நெஞ்சை உறுத்துகின்றன. உறுத்தத்தான் வேண்டும்.

பிரிட்டனில் 2007-ல் ‘செலிபிரிட்டி பிக் பிரதர்’ வீட்டில் நடிகை ஷில்பா ஷெட்டி இனவெறிப் பேச்சுக்கு ஆளானபோது 40,000-க்கும் அதிகமான புகார்கள் குவிந்தன. குடும்பச் சண்டைகளை மேடையேற்றிய ‘ஜெரமி கைல் ஷோ’, பங்கேற்ற ஒருவர் இறந்த பிறகே 2019-ல் நிறுத்தப்பட்டது. பங்கேற்பாளர் நலன் காக்கும் விதிகளை ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்காம் நடைமுறைப்படுத்தியது 2021-ல்தான்.

அதே ‘பிக் பிரதர்’ வடிவம் 2017 முதல் தமிழிலும் ‘பிக் பாஸ்’ ஆக ஓடுகிறது. நிகழ்ச்சி முடிந்த பின்னும் பங்கேற்பாளர்களுக்கு மனநல ஆலோசனை தொடர வேண்டும். அதன் செலவைத் தயாரிப்பாளர்களே ஏற்க வேண்டும். இதை இங்கும் சட்டக் கடமையாக்க வேண்டும். மனிதரை நொறுக்கிக் கிடைக்கும் புகழைக் கொண்டாட மறுப்பது பார்வையாளர்களான நம் பொறுப்பு.